மூலை வயலில் ஜல்லி கொட்டுவதற்கு முன்: ஊர் மரபுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மரபுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மலையடிவாரத்தில் நீங்கள் அமைத்துவரும் மரபு நடைபாதையின் தகவல் பலகைகளிலிருந்து, 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும் பஞ்சம் பற்றிய வாய்மொழிச் செய்திகள் அனைத்தையும் நீக்குவது என்றும், ஓடைக்கு மேற்கே உள்ள மூலை வயலில் ஜல்லி பரப்பி வண்டி நிறுத்துமிடம் ஆக்குவது என்றும் சென்ற மாதக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். இதை எதிர்த்து நான் ஆங்கிலத்தில் கொடுத்த மனுவுக்கு நான்கு வரிகளில் பதில் வந்தது. ஆவணச் சான்று இல்லாத செய்திகள் பார்வையாளர்களுக்குத் தவறான எண்ணத்தைத் தரும் என்பது அதில் முதல் காரணம். இங்கே வாழும் குடும்பங்களின் மனம் புண்படும் என்பது இரண்டாவது. இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் சினத்தை அளவோடு எழுத எனக்குக் கைவந்த மொழி இது ஒன்றுதான். இதன் ஆங்கிலப் படியை உங்கள் அஞ்சல் பெட்டியில் சேர்த்துவிட்டேன்.

நான் இந்த மண்ணில் பிறந்தவள் அல்லள் என்பதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பதினாறு ஆண்டுகளாக மேற்கு அயர்லாந்தின் இந்தச் சிற்றூரில், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் செவிலி நான். இரவு மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிய முதியவர்கள் பேசத் தொடங்கினால், பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததையும் தலையணையைத் திருப்பிப் போடும் கையிடம் சொல்வார்கள். அப்படிக் கேட்டவற்றில், பெயரைக் குறிக்காமல் எழுதிக்கொள்ளலாம் என்று ஆறு பேர் தந்த அனுமதியின் பேரில் எழுதிய இரண்டு குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பலகைக்காக நான் தந்த செய்திகள் அவற்றிலிருந்து எடுத்தவை.

முதலில் மூலை வயலைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் அதைச் சொன்னவருக்கு அப்போது தொண்ணூற்று நான்கு வயது. அவரை வளர்த்தவர் அவருடைய பாட்டி; அந்தப் பாட்டியின் தாய் 1847இல் பத்து வயதுச் சிறுமி. ஆக, அந்தச் செய்தி என் காதுக்கு வர மூன்று வாய்களைத்தான் கடந்திருக்கிறது. பஞ்சத்தில் செத்தவர்களை அந்த வயலில்தான் புதைத்ததாகவும், ஊருக்கு ஒரே ஒரு சவப்பெட்டி இருந்ததாகவும், அதன் அடிப்பலகையைக் கீல் வைத்துப் பொருத்தியிருந்ததாகவும், குழியின் மேல் பெட்டியை நிறுத்திக் கொண்டியை விடுவித்தால் உடல் கீழே விழ, வெறும் பெட்டி அடுத்த வீட்டுக்குத் திரும்பியதாகவும் அவர் சொன்னார். இதே செய்தி அயர்லாந்தின் பல ஊர்களில் வழங்குவதை நானும் அறிவேன். கேட்ட கதையைத் திரும்பச் சொல்கிறார் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது, ஒரு உள்ளங்கையின் கீழ் மற்றதைச் சேர்த்து வைத்து, கீழ்க் கையைச் சட்டென்று ஒரு பக்கமாகச் சரியவிட்டார். விரல் முட்டுகள் வீங்கி, தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாத கை அது. அந்த அசைவை மட்டும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் செய்தது. பாட்டி அப்படித்தான் காட்டுவார் என்றும், பாட்டிக்கு அவருடைய தாய் அப்படித்தான் காட்டினார் என்றும் சொன்னார். எந்தக் கோப்பில் இதைத் தேடுவீர்கள்?

அந்த வயலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாத, எழுத்துப் பொறிக்காத கற்கள் புல்லுக்குள் வரிசையாகவும் வரிசை தப்பியும் நிற்கின்றன. சுற்றிலும் உள்ள நிலத்தை டிராக்டர் ஓட்டி உழுபவர்கள், அந்த மூலைக்கு வந்ததும் வளைந்து திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். “என் தாத்தா என் அப்பாவிடம் அங்கே ஏர் பூட்டாதே என்றார்” என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. காரணத்தை மறந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த ஒரு தடையை, வார இறுதியில் வரும் கார்களுக்காக நீங்கள் ஒரே தீர்மானத்தில் நீக்கிவிட்டீர்கள்.

ஆவணம் எங்கே என்று கேட்கிறீர்கள். அயர்லாந்தில் எல்லோருடைய இறப்பையும் அரசு பதியத் தொடங்கியது 1864ஆம் ஆண்டில். பஞ்சம் தொடங்கியதோ 1845இல். உருளைக்கிழங்கில் கருகல் நோய் கண்ட முதல் ஆண்டில் விளைச்சலில் ஒரு பகுதி போயிற்று. 1846இல் ஏறத்தாழ முழுவதும் போயிற்று. 1847இல் கிழங்கு நோயின்றி விளைந்தாலும், விதைக்கிழங்கையும் தின்று தீர்த்திருந்த மக்கள் நட்டது மிகக் குறைவு. 1848இல் நோய் மீண்டும் வந்தது. 1841 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 65.5 லட்சம். பத்து லட்சம் பேர் இறந்தார்கள் என்பதும் அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள் என்பதும் மதிப்பீடுகள்தாமே தவிர, பெயர்களை எண்ணி வந்த தொகைகள் அல்ல. வீடு வீடாக எழுதிய பழைய கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் நகரத்துப் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. யாரும் எழுதாததையும், எழுதியது எரிந்துபோனதையும் கொண்டுவந்து காட்டு என்று மூலை வயலில் கிடப்பவர்களிடம் கேட்பது என்ன நியாயம்?

எஞ்சியிருக்கும் தாள்களையாவது குழு பார்த்ததா என்பது என் கேள்வி. பஞ்சத்துக்குச் சற்று முன்னர் முடிந்த முதல் நில அளவை வரைபடத்தில், இன்று ஆடுகள் மட்டுமே மேயும் அந்தச் சரிவில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த நூற்றாண்டின் கடைசியில் வரைந்த படத்தில் அதே சரிவு வெறுமையாக இருக்கிறது. 1851 கணக்கெடுப்பின் அச்சுத் தொகுதிகள் ஒவ்வொரு சிற்றூருக்கும் 1841ஆம் ஆண்டின் தலைக்கணக்கையும் 1851ஆம் ஆண்டின் தலைக்கணக்கையும் அருகருகே தருகின்றன. மாலை வெயில் சாய்வாக விழும்போது மலையைப் பாருங்கள். கிழங்கு நட்ட மேட்டுப்பாத்திகள், சீப்பு வாரிய தலைமுடிபோல, உச்சிக்கு அருகில்வரை தெரியும். அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மோசமான மண்ணில் நட்டுப் பிழைக்க வேண்டிய அளவுக்கு இங்கே மக்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஊரார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். உங்கள் பலகையில் பதிலும் இல்லை, கேள்வியும் இல்லை.

வாய்மொழியைச் சான்றாகக் கொள்வது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்தது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதைக் குறிப்பேடுகளில் எழுதினார்கள். அவர்களுக்குக் கொடுத்த தலைப்புகளில் பஞ்ச காலமும் ஒன்று. 1945இல், நூறாண்டு நிறைவையொட்டி, பஞ்சத்தைப் பற்றி மட்டும் ஒரு தனி வினாப்பட்டியல் ஊர்களுக்குப் போனது. அதற்கு மறுமொழி தந்தவர்களில் பஞ்சத்தைக் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. அந்த ஆணையத்தின் தொகுப்பை யுனெஸ்கோ 2017இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உலகம் காப்பாற்ற வேண்டிய நினைவு என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட அதே வகைச் செய்தியை, அது பிறந்த ஊரின் குழு நம்பத்தகாதது என்று தள்ளுகிறது.

வாய்மொழியில் பிழை இல்லை என்று நான் வாதிடவில்லை. எண்கள் பெருகும், ஆண்டுகள் குழம்பும், ஒரு ஊரில் நடந்தது இன்னொரு ஊரில் போய் ஒட்டிக்கொள்ளும். 1849 மார்ச்சில் மேயோ மாவட்டத்தின் லூயிஸ்பர்க் ஊரில் உதவி கேட்டு நின்றவர்களை, அதிகாரிகள் பார்வையிட வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டெல்ஃபி மாளிகைக்கு வரச் சொன்னார்கள். நடந்து போனவர்களில் சிலர் டூலாக் ஏரி வழியில் செத்து விழுந்தார்கள். அக்காலச் செய்தித்தாளில் வந்த கடிதம் சாலையோரம் 7 உடல்கள் கிடந்ததாகச் சொல்கிறது. ஊர் நினைவோ நூற்றுக்கணக்கில் என்கிறது. எண் பொருந்தவில்லை என்பதால் அந்த நடை நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. 1988 முதல் ஆண்டுதோறும் மக்கள் அதே வழியில் நடக்கிறார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கதைகளில் இருந்த பிழை அன்று, அவற்றில் இருந்த மௌனம். என்னிடம் பேசிய ஆறு பேரும் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற ஏழை விடுதியைப் பற்றிப் பேசினார்கள். ஆறு பேரில் ஒருவர்கூடத் தம் குடும்பத்தார் அங்கே போனதாகச் சொல்லவில்லை. போனவர்கள் எப்போதும் மலைக்கு அந்தப் பக்கத்தார்தான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதியவரைக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுகிறார். கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்ட் மதத்துக்கு மாறச் சம்மதித்துச் சூப் வாங்கிக் குடித்தவர்கள் என்ற பழியும் அப்படித்தான், எப்போதும் அடுத்த வீட்டின் மேலேயே விழுகிறது. ஆனால் 1847 ஜூலையில் அரசின் கஞ்சித் தொட்டிகளில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் உண்டார்கள். அங்கே யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. சில இடங்களில் சில பிரசாரகர்கள் செய்த ஈனத்தனம், கஞ்சிக்குக் கை நீட்டிய எல்லோர் மேலும் அவமானமாகப் படிந்து இன்றுவரை வாயை அடைக்கிறது. இந்த மௌனத்தையும் பலகையில் எழுதலாம் என்றுதான் கேட்டேன்.

குடும்பங்களின் மனம் புண்படும் என்ற காரணத்துக்கு இங்கே வருகிறேன். 1847இல் வந்த சட்டத் திருத்தம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது என்றது. எங்கள் ஊர்க் கணக்கில் இருபத்தைந்து சென்ட். பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வா என்பதே அதன் பொருள். விட்டுப்போன நிலம் யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கத்தானே வேண்டும்? நிலப்பிரபுவின் கைக்கும் போயிற்று, சற்றே வசதியாக இருந்த பக்கத்து வீட்டாரின் கைக்கும் போயிற்று. இரண்டாவதைப் பற்றி இந்த ஊரில் யாரும் பகலில் பேசுவதில்லை. நான் எந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. பெயரே இல்லாத ஒரு வாசகம் யாரைச் சுடுகிறது என்பதை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

ஊர்க் கூடத்தின் வாசலில் சிவப்புப் பூக்கள் வைத்திருக்கிறீர்களே, அந்த மூன்று கால் இரும்புக் கொப்பரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்த பலகையில் அது ‘பழங்காலத் துணி வெளுக்கும் பாத்திரம்’ ஆகப்போகிறதாம். நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத அந்தக் கொப்பரையில் யார் துணி வெளுத்தார்கள்? குவேக்கர் என்ற கிறித்தவச் சபையார் கஞ்சி காய்ச்சுவதற்காக ஊர் ஊராகக் கொடுத்தவற்றில் ஒன்று அது என்றும், பிறகு தம் வீட்டில் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியாக வெகுகாலம் கிடந்தது என்றும் என்னிடம் சொன்னவர், அதன் விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவு விரிசல் இருக்கும், தொட்டுப் பாருங்கள் என்றார். போய்த் தொட்டுப் பார்த்தேன். பூச்செடியின் மண்ணை விலக்கினால் விரிசல் இருக்கிறது. அவர் எண்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த விரிசல் அது. பஞ்சத்தில் இங்கே வந்து இறங்கிய அமெரிக்க மக்காச்சோள மாவை ‘இந்தியன் மீல்’ என்பார்கள். அவர் அது என் ஊரிலிருந்து வந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் எனக்கு அதற்காக நன்றியும் சொன்னார். அமெரிக்கப் பழங்குடிகளின் தானியம் அது என்று நான் விளக்கியதும் சற்று ஏமாற்றமாகத்தான் பார்த்தார்.

மலையின் பாதியில் திடீரென்று நின்றுவிடும் சாலைக்கு உங்கள் வரைபடத்தில் ‘இயற்கைக் காட்சிப் பாதை’ என்று பெயர். 1847 மார்ச்சில் நாடெங்கும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்துக்கொண்டும் சாலை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அந்தக் கூலி குடும்பத்தின் ஒரு நாள் மாவுக்குப் போதவில்லை. அரசு வேலைகளை மூடியபோது சாலைகள் நின்ற இடத்தில் நின்றன. எங்களுக்குக் கடிதம் கொண்டுவந்த பழைய அஞ்சல்காரர், அந்தச் சாலை முடியும் இடத்தைக் கடக்கும்போது சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் வைத்திருப்பார். பஞ்சத்தில் செத்தவர் விழுந்த இடத்தில் முளைக்கும் ‘பசிப்புல்’லை மிதித்தால் கால் தள்ளாடும், வயிறு குடையும், ஒரு வாய் ரொட்டி தின்றால்தான் நடக்க முடியும் என்பது இங்கத்து நம்பிக்கை. அவர் படித்தவர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிஸ்கட்டை எடுத்து வைக்க ஒருநாளும் மறந்ததில்லை.

இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் பிறந்த சென்னைக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, 1877-78இல் பஞ்சக் கூலிகளைக் கொண்டு வெட்டியது. அந்தப் பஞ்சம் தமிழில் தாது வருடப் பஞ்சம். அள்ளி அள்ளித் தின்னும் பிள்ளையை ‘தாது வருசப் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி’ என்று என் பாட்டி வைவார். பள்ளிப் புத்தகம் எனக்கு அந்தப் பஞ்சத்தைச் சொல்லவில்லை, அந்த வசவுதான் சொன்னது. உங்கள் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த சார்ல்ஸ் டிரெவெல்யன், 1859இல் எங்கள் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்து சேர்ந்தார் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். கேள்வி கேட்டவருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பவை இவை. மூலை வயலில் ஒரு வண்டி ஜல்லிகூட இறங்கக் கூடாது. மண்ணைத் தோண்டாமலேயே நிலத்தடியை அளந்து பார்க்கும் கருவிகளைக் கொண்டு தொல்லியலாளர் ஒருவர் ஆய்ந்து எழுத்தில் அறிக்கை தரும்வரை அந்தத் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். அறிக்கை எப்படி வந்தாலும் கற்கள் இருக்கும் பகுதிக்கு வேலி கட்டி, வண்டி நிறுத்துமிடத்தைக் கூடத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் திடலுக்கு மாற்றுங்கள். அங்கிருந்து நடைபாதை ஐந்து நிமிட நடைதான்.

நீக்கிய வாய்மொழிச் செய்திகளைப் பலகைகளில் திரும்பச் சேருங்கள். ‘ஊரார் சொல்வது’ என்று தனியே குறித்து, ஆவணம் சொல்வதை அதன் பக்கத்திலேயே எழுதினால், எதை எவ்வளவு நம்புவது என்று படிப்பவர் முடிவு செய்துகொள்வார். சாலைக்கு அதன் உண்மையான பெயரைக் கொடுங்கள். பஞ்சத்தைக் குறிக்க ஐரிஷ் மொழியில் முதியவர்கள் சொல்லும் ‘அன் த்ரோஹீல்’, அதாவது கெட்ட காலம், என்ற சொல்லையும் பலகையில் எழுதுங்கள். கொப்பரையிலிருந்து பூச்செடியை எடுத்துவிட்டு, விரிசல் தெரிய வையுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. இந்த ஊரில் எண்பது வயதைக் கடந்த எல்லோரிடமும், அவர்கள் விரும்பினால், அவர்கள் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து, ஒரு படியை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். பலகைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். பதிவுசெய்யும் வேலையை ஊதியமின்றி நான் செய்கிறேன். என் குறிப்பேடுகள் இரண்டையும் தருகிறேன். என்னிடம் பேசிய ஆறு பேரில் மூவர் இப்போது இல்லை. உள்ளங்கையைச் சரியவிட்டுக் காட்டியவரும் அந்த மூவரில் ஒருவர். நான் அந்த அசைவைப் படம் எடுத்து வைக்கவில்லை, எழுத்தில் மட்டுமே இருக்கிறது.

இந்த மடலுக்கு இம்மாத இறுதிக்குள் எழுத்தில் மறுமொழி தாருங்கள். அடுத்த கூட்டத்தை ஊரார் எல்லோரும் வரும்படி, ஊர்க் கூடத்தில், வியாழக்கிழமை மாலையில் வையுங்கள். அன்று இரவு எனக்குப் பணி இல்லை. சக்கர நாற்காலியில் வர விரும்பும் இருவரை நான் அழைத்து வருவேன். வாசலில் சாய்தளம் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் இல்லத்தின் இரவுப் பணிச் செவிலி